கொம்புக்கடியில் வைத்த தாள்

என் கணவரும் என் தம்பியும் இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு கல்யாணத்தில் சஹன் சாப்பாட்டுக்கு ஆட்களை உட்கார வைத்தபோது, வீட்டு மருமகனை விட்டுவிட்டு வேறு யாரையோ முதலில் கூப்பிட்டுவிட்டான் தம்பி. ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சஹன். இவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் பெருநாளுக்குக்கூட நான் தனியாகத்தான் விருதுநகரில் அத்தா, அம்மா வீட்டுக்குப் போனேன், தனியாகத்தான் நாரணாபுரம் திரும்பினேன். இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷத்துக்கு நடுவில் பஸ்ஸில் அல்லாடியவள் நான்.

நாரணாபுரத்தில் எங்களுக்கு ஆப்செட் அச்சகம். பட்டாசுப் பெட்டி லேபிள்தான் முக்கால்வாசி ஆர்டர். தம்பி விருதுநகரில் அத்தாவின் வற்றல் மண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே இருந்தவனுக்கு எங்கிருந்தோ ட்ரையத்லான் ஆசை வந்தது. முதலில் நீந்த வேண்டும், ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்து சைக்கிள் ஓட்ட வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். சென்னைப் பக்கம் கடற்கரையில் ஒரு பந்தயம் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த மாமா மகன், தான் ஓட்டிய ரோடு பைக்கை ஊருக்கு வந்தபோது இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். விரல் கனத்துக்கு டயர். தூக்கினால் ஒற்றைக் கையில் வரும்.

அதை அப்படியே ஓட்டினால் பந்தயத்தில் காற்று பின்னுக்குத் தள்ளுமாம். தம்பி சீட்டை முன்னால் தள்ளினான். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினான். அடுத்து ஏரோ பார் மாட்ட வேண்டும். ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து மாட்டுக் கொம்பு மாதிரி முன்னால் நீளும் இரண்டு கம்பிகள் அவை. அவை தொடங்கும் இடத்தில் முழங்கையை வைக்க இரண்டு மெத்தைகள் இருக்கும். முழங்கைகளை அதில் ஊன்றி, கம்பிகளின் நுனியைப் பிடித்து, முதுகை வளைத்துப் படுத்த வாக்கில் ஓட்ட வேண்டும். உடம்பின் பாரமெல்லாம் அந்த முழங்கைகளில்தான். பிரேக்கோ கைக்கு எட்டாமல் கீழே ஹேண்டில்பாரில் இருக்கும்.

மாமா மகன் ஏரோ பாரையும் பார்சலில் அனுப்பி வைத்தான். ஆனால் அதை ஹேண்டில்பாரில் மாட்டுகிற பிடி பெரிது, இவனுடைய ஹேண்டில்பார் ஒல்லி. இடைவெளியை அடைக்கிற வளையம் பார்சலில் இல்லை. விருதுநகர் சைக்கிள் கடைகளில் கேட்டால் அவர்கள் கொம்பைப் பார்த்தே சிரித்தார்கள்.

ஒரு மத்தியானம் தம்பி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அச்சக வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மச்சான், இதை ஒருக்கா பாக்குறீகளா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. இவர் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "இதுக்கா மாப்ளே இம்புட்டு யோசன?" என்று சைக்கிளை வாங்கி உள்ளே கொண்டுபோனார். எனக்கு டீ போடக்கூடக் கை ஓடவில்லை.

அச்சுக்காரருக்கு இடைவெளி என்றாலே கை பேப்பருக்குத்தான் போகும். ஆப்செட் மிஷினில் உருளையைச் சுற்றி ரப்பர் விரிப்பு இருக்கும். அச்சு சரியாக விழவில்லை என்றால் அந்த விரிப்புக்கு அடியில் இன்னொரு தாளைச் செருகி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். இவர் தினமும் செய்கிற வேலை அது. லேபிள் அடித்ததில் வேஸ்டான தாளை நறுக்கி ஹேண்டில்பாரில் சுற்றி, அதன்மேல் பிடியை வைத்து முறுக்கினார். "அம்புட்டுப் பெரிய உருளைக்கே பேப்பர்தான் தாங்குது. இந்தக் குச்சிக்குத் தாங்காதா?" என்றார். தம்பி மேலே ஏறித் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தம்பி வந்தான். இருவரும் சீட்டை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், வாசலில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் பந்தயத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு ஒன்றுதான். அவன் கை கால் உடையக் கூடாது, இந்த வாசல் மறுபடி மூடிக்கொள்ளக் கூடாது. தொழுகையில் நான் கேட்டதெல்லாம் அந்த இரண்டும்தான்.

பந்தயத்துக்கு முன் நீச்சலையும் சைக்கிளையும் ஒருமுறை சேர்த்துச் செய்து பார்க்க வேண்டும் என்றான். அதுவரை கிணற்றில் நீந்துவது ஒரு நாள், சைக்கிள் ஒரு நாள் என்று தனித்தனியாகத்தான் போயிருந்தது. இருக்கன்குடிப் பக்கம் அவன் நண்பனுக்குத் தோட்டமும் பெரிய கிணறும் இருந்தன. விடிந்ததும் அங்கே போனோம். கிணற்றில் குறுக்கும் நெடுக்குமாக நீந்தினான். படியேறி வந்தவன் துவட்டக்கூட இல்லை. பந்தயத்தில் துவட்ட நேரம் கிடையாதாம். தலையிலிருந்து தண்ணீர் வழிய அப்படியே சைக்கிளில் தாவி, கொம்பைப் பிடித்துப் படுத்துவிட்டான். சாத்தூரைத் தாண்டிச் சிவகாசி ரோட்டில் நாங்கள் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். இவர் ஓட்ட, நான் இடப்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளி சீசன். லோடு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. தம்பியின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டுவது பின்னாலிருந்தே தெரிந்தது. முழங்கைக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. எங்கள் ஊர் காய்ந்த ஊர். மழையும் ஈரமும் இல்லாததால்தான் இங்கே பட்டாசும் அச்சும் பிழைக்கின்றன. தாள் நனையும் என்கிற நினைப்பு எங்களில் யாருக்குமே வரவில்லை.

"ஏங்க, பேப்பர் நனைஞ்சிருக்கும்ங்க."

"சும்மா இரு. இறுக்கி முறுக்கியிருக்கேன்."

"நல்லாப் பாருங்க. கொம்பு தாழ்ந்திருக்கு."

இவர் பார்த்தார். காலையில் நேராக நீண்டிருந்த கம்பிகள் தலை குனிந்திருந்தன. தம்பிக்கு அது தெரியவில்லை. வேகமாகப் போகிறோம் என்கிற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தி மிதித்தான். இவர் ஸ்கூட்டரை முறுக்கினார்.

கத்த வாயைத் திறந்தேன். "கத்தாத!" என்றார். கத்தினால் அவன் திரும்பிப் பார்ப்பான். பிரேக் பிடி என்றால், பிரேக்குக்குக் கையை எடுக்க முழங்கையை ஊன்றுவான். ஊன்றினால் கொம்பு மொத்தமாகச் சுழன்று முன் டயரில் குத்தும். எதிரே ஒரு பஸ் வந்து கடந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. இவர் வழி விடவில்லை. நடு ரோட்டில் லாரியை மறித்துக்கொண்டே தம்பிக்கு வலப்பக்கமாகப் போய் ஒட்டினார்.

"மாப்ளே," என்றார், அச்சகத்தில் சாதாரணமாகப் பேசுகிற குரலில். "மிதிக்கிறத நிறுத்து. கைய எடுக்காத. அழுத்தாத. கொம்பு லூசாயிருச்சு."

தம்பியின் கால்கள் நின்றன. நான் உட்கார்ந்திருந்த வாக்குக்கு அவன் முதுகு எனக்கு நேராக இருந்தது. ஈரப் பனியனைப் பின்கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு மேலே இழுத்தேன். அவன் பாரம் முழங்கையிலிருந்து விலகியது. "இப்ப ஒரு கை," என்றார் இவர். வலது கை ஹேண்டில்பாருக்கு வந்தது. "இப்ப அடுத்தது." இடது கையும் வந்தது. அந்த நொடியில் கொம்பு தொப்பென்று தொங்கி டயரில் உரசியது. தம்பி பிரேக்கைப் பிடித்தான், இவரும் பிடித்தார். மூவரும் ரோட்டோரப் புழுதிக்குள் இறங்கிச் சரிந்து நின்றோம். லாரிக்காரர் தலையை நீட்டி, "ரோட்டுல சர்க்கஸா காட்டுறீக?" என்று கத்திவிட்டுப் போனார்.

தம்பி சைக்கிளைப் போட்டுவிட்டு முள்செடி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். நான் கொம்பைத் தொட்டேன், பிடியோடு கையில் வந்துவிட்டது. பிடிக்குள் தாள் கூழாகியிருந்தது, லேபிளின் சிவப்பு மை என் விரலில் ஒட்டியது. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நாள் சேர்ந்து வந்ததெல்லாம் இன்றோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அத்தாவுக்குத் தெரியவரும், அம்மாவுக்குத் தெரியவரும், என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தார் என்கிற பேச்சு கிளம்பும். இனி ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் ஏதும் கேட்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"நான்தான்டா பேப்பர் வைக்கச் சொன்னேன். அவுக வேண்டாம்னுதான் சொன்னாக."

சுத்தப் பொய். தாள் சுற்றியபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவனே அவன்தான். அவனிடம்போய் அந்தப் பொய்யைச் சொன்னேன். அத்தனை நேரம் அவன் உயிருக்குத் துடித்தவள், அவன் காலை ஊன்றியதும் கணவரைக் காப்பாற்ற ஓடிவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"அவ சொல்றது பொய் மாப்ளே," என்றார் இவர். "நான் வச்சது. எம் புத்தியில வந்தது." கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டார் முன்னால் அவர் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். அவன் கழுத்தில் பனியன் அறுத்த இடம் சிவந்து தடித்திருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பயப்படுற?" என்றான். "ஒங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு நான் எங்க போகப் போறேன்?"

நான் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து, போகிற வருகிற லாரிக்காரர்களெல்லாம் பார்க்க வாய்விட்டு அழுதேன்.