கடுகண்ணாவை இறக்கம்

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகிறோம். கடுகண்ணாவை மலை இறக்கத்தில் எங்கள் வான் வண்டியின் சக்கரத்திலிருந்து புகை வருகிறது. வீதியோரக் கராஜில் நிறுத்துகிறேன். மெக்கானிக் செல்வம் குனிந்து பார்த்துவிட்டு, சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

"பிரேக் கொதிக்குது. ஒரு மணி நேரம் ஆறட்டும்."

"மூணு மணிக்குக் கல்யாணம், அண்ணே. மெதுவாப் போயிடுறேன்."

"என் மச்சானும் அப்படித்தாங்க சொன்னான். சூடு ஆறுறதுக்குள்ள லொறிச் சாவியைக் குடுத்தது நான்தான். அந்த வளைவு வரைக்கும்தான் போனான். பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கக் கூடாதுங்க. சின்ன கியர்லதான் இறங்கணும்."

வளைவைக் காட்டிய கையைக் கீழே விடாமல் நிற்கிறார். வானுக்குள் மனைவியும் பிள்ளைகளும் பட்டுடுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கதவைத் திறக்கிறேன்.

"எல்லாரும் இறங்குங்க. கல்யாணத்துக்குப் பிந்தியே போவோம்."