எதிரே நின்று பார்த்த வாச்சு

என் மேசையில் ஒரு கைவாச்சு இருக்கிறது. பித்தளைக் கூடு, வெள்ளி முகம், எண்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கோடுகள். விநாடி காட்டும் சின்ன வட்டம் மற்ற வாச்சுகளில் கீழே இருக்கும், இதில் மேலே இருக்கிறது. சாவி கொடுக்கும் திருகு வலப்பக்கம் இருக்க வேண்டும், இதில் இடப்பக்கம். பார்க்கிறவர்கள் யாரோ தலைகீழாகச் செய்துவிட்டார்கள் என்று சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்கு நான் இரண்டாவது தடவை தேத்தண்ணி கொடுத்ததில்லை.

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். இந்த வாச்சைச் செய்தவர் அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். எல்லோரும் அவரைப் பிட்டரய்யா என்றுதான் கூப்பிடுவோம், மருத்துவச்சி என்பதால் என்னை மிஸ்ஸி என்பார்கள். கல்யாணமான மறுவருடமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. எனக்கும் யாரும் இல்லை. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே, முட்டைக்கோசு நட்ட ஒரு கோவாப் பாத்தியும் நிறைய மூடுபனியும் இருந்தன.

ஒருநாள் தேயிலை அரைக்கும் இயந்திரத்தைச் சுழற்றும் தோல் பட்டி அறுந்து வேலை நின்றுவிட்டது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஓடி வந்து, முழங்கையை மடக்கித் தன் தங்க வாச்சைப் பிட்டரின் மூக்குக்கு நேரே நீட்டி, "பத்து நிமிசம்! பத்து நிமிசம்!" என்று குதித்தாராம். வேறு யாராக இருந்தாலும் கூனிக் குறுகியிருப்பார்கள். இந்த மனிதர் என்னிடம் வந்து, "வசவு ஒண்ணும் காதுல விழல மிஸ்ஸி. என்னா அழகு அந்த வாச்சு! அதே மாதிரி ஒண்ணு நானே செய்யப் போறேன்," என்றார். நேரம் காட்டவா என்று கேட்டேன். "நேரத்துக்கு ஸ்டோர்ல சங்கு ஊதுதே," என்றார். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தொழிற்சாலைதான்.

ஹட்டன் கடைவீதியில் வாச்சு பழுதுபார்க்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் உடைந்துபோன வாச்சு ஒன்றை வாங்கி, அதன் உள்யந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் கைவேலைதான். தேய்ந்துபோன பித்தளை வளையத்தைக் கடைந்து கூடாக்கினார். பழைய கிராமபோனின் சுருள்வில் தகட்டை அராவி முட்களாக்கினார். முகத்துக்கு மனைவியின் வெள்ளிக் குங்குமச் சிமிழின் மூடி. இருப்பது ஒரே மூடி, தப்பாக வெட்டினால் வேறு கிடையாது. அதனால் சிகரெட் டின் மூடிகளில் மாதக்கணக்காக வெட்டிப் பழகினார். கோட்டின் நீளத்தில் சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே இயந்திரப் பட்டியைக் கொஞ்சம் நழுவ விடுவார். துரை வந்து வாச்சை நீட்டித் திட்டுவார், இவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த அரத்தின் சத்தம் கோவாப் பாத்தியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அது கேட்கிற பகல்களில் நான் தனியாகச் சாப்பிட்டதாக நினைத்ததில்லை.

துரை சீமைக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது வாச்சு முடிந்தது. புளி போட்டுத் துலக்கி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்ததும் சின்ன வட்டம் மேலே இருப்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. துரைக்குக் காய்ச்சல் கண்டபோது, பக்கத்தில் நின்று அந்தக் கையில் நாடி பார்த்தவள் நான். அவர் வாச்சில் அந்த வட்டம் கீழேதான் இருந்தது. பிட்டரோ ஒரு நாளும் துரையின் பக்கத்தில் நின்றதில்லை. தோட்டத்தில் யார்தான் நின்றார்கள்? எதிரே நின்று திட்டு வாங்கிக்கொண்டே பார்த்ததை அப்படியே செய்திருக்கிறார்.

"மத்த வாச்சுல வட்டம் கீழ இருக்கும் மிஸ்ஸி. தொரையோடதுல மேல. அதான் ஒசத்தி வாச்சு. அதுக்காவ யந்திரத்தையே திருப்பி வச்சேன்," என்றார். பிறகு மெதுவாக, "அதே மாதிரி இருக்கா?" என்று கேட்டார். கேட்பதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆள் நான். மூடியும் ஒன்றுதான் இருந்தது. "அச்சு அசல் அதேதாங்க," என்றேன்.

வழியனுப்பு அன்று கட்டிக்கொண்டு போய்த் துரையிடம் காட்டப் போவதாகச் சொன்னார். அத்தனை பேர் முன்னால் துரை சிரித்துவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார்? உண்மையைச் சொல்ல இரண்டு தடவை கோவாப் பாத்தி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

தொழிற்சாலை வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றோம். துரை ஒவ்வொருவராகக் கைகொடுத்து வந்தார். பிட்டர் முறை வந்ததும், துரை எப்போதும் செய்வது போலவே முழங்கையை மடக்கி வாச்சை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், பிட்டரும் வாச்சுக் கையை நீட்டியிருக்க, துரை தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேம்! சேம்!" என்றார், இரண்டும் ஒன்றுதான் என்று. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தத் தடவை எதிரே நின்றவர் துரை. அங்கிருந்து பார்த்தால் வட்டம் கீழே, திருகு வலப்பக்கம். பிட்டர் திரும்பி என்னைத் தேடிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

சில வருடங்களில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் வந்து, பிட்டருக்கும் போகச் சொல்லிக் கடுதாசி வந்தது. புறப்படும் காலையில் வாச்சை என் கையில் வைத்து, "நாடி பாக்க ஒதவும் மிஸ்ஸி," என்றார். போகாதீங்க என்று நான் சொல்லியிருக்கலாம். வட்டத்தைப் பற்றிப் பொய் சொல்ல வந்த வாய்க்கு, அந்த உண்மை வரவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை.

இன்றும் காலையில் அதற்குச் சாவி கொடுக்கிறேன். கொடுத்து மேசையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்வேன். அங்கிருந்து பார்த்தால் அது துரையின் வாச்சேதான், ஒரு குறையும் இல்லை. தலையை நிமிர்த்தினால், நான் எழுந்துவந்த நாற்காலியில் யாரும் இல்லை.