சுதர்ஷினி வாசலில் நிறுத்திய பழைய பெட்டி

பெரகல சந்தியில் இறங்கி ஆட்டோவில் இருபது நிமிஷம் ஏறினால் சுதர்ஷினி இருக்கும் தேயிலைத் தோட்டம் வரும். முன்பு வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் சென்ற பிள்ளைக்காம்பராதான் இப்போது கம்பியூட்டர் அறை. ஏழு கம்பியூட்டர், ஒரு பிரிண்டர், ஓர் இன்டர்நெட் இணைப்பு. பதுளையில் உள்ள ஒரு நிதியம் கொடுத்தது. அறையைத் திறப்பதும் பூட்டுவதும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும், லயத்து வரிசைவீட்டு ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் சுதர்ஷினிதான்.

வயது முப்பத்தாறு. அம்மா வேலாயி இன்னும் கொழுந்து பறிக்கிறாள். சுதர்ஷினி சாதாரணதரம் முடித்ததும் கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கடையில் ஆறு வருஷம் நின்றவள். தூசு தட்டத்தான் சேர்த்தார்கள். தட்டிய பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. திறந்தாள், திட்டு வாங்கினாள், கற்றுக்கொண்டாள். சான்றிதழ் என்று கையில் எதுவும் இல்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு கம்பியூட்டரும் ஒரே நேரத்தில் முடங்கிப் போயின. பிள்ளைகளின் பாடக்குறிப்பு, பாதி நிரப்பிய விண்ணப்பங்கள், ஒன்றையும் திறக்க முடியவில்லை. இன்டர்நெட்டுக்கு ரவுட்டர் பெட்டி பொருத்திக் கொடுத்த கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். பத்து நிமிஷம் பார்த்தார். தேத்தண்ணி குடித்தார். போய் அறிக்கை எழுதினார்: தோட்டத்துப் பிள்ளைகள் தகாத தளங்களைப் பார்த்ததால் வைரஸ் புகுந்தது.

அவ்வளவுதான். ஒரு பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிதியத்திலிருந்து கடிதம் வந்தது. அறையை உடனே பூட்ட வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை பதுளைக்கு வந்து சாவியை ஒப்படைக்க வேண்டும். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் கெட்டால் கம்பியூட்டரைத் திருத்துகிறார்கள். தோட்டத்தில் கெட்டால் பிள்ளைகளைக் குற்றம் சொல்லிக் கதவைப் பூட்டுகிறார்கள். இதற்கு எந்தப் படிப்புப் படித்தார்களோ தெரியாது.

சுதர்ஷினி அழவில்லை. கம்பனிப் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் அச்சடித்திருந்தன. பொருத்திய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. மறுநாளே பதுளைக்குப் பஸ் ஏறினாள். கடைத்தெருவில் பழைய கம்பியூட்டர் சாமான் விற்கும் ஜாபிரை அவளுக்குத் தெரியும்.

"பழைய நெட்வேர்க் கார்ட் ஒண்ணு வேணும் ஜாபிர் நானா. நீங்க பாத்துட்டு ஆகாதுன்னு சொன்னீங்களே, அறை மூலையில போட்ட பழைய மிஷின், அதுக்கு."

"அந்த மிஷினா? அதுல கோழிதான் அடைக்கலாம் தங்கச்சி."

"வாசல்ல காவலுக்கு நிப்பாட்டப் போறேன். பயர்வோல்."

ஜாபிர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கார்டைத் தேடி எடுத்தான். "அப்ப இந்தப் பென்டிரைவையும் கொண்டு போங்க. நீங்க தேடுற சாமான் இதுலதான் இருக்கு. எவனோ எழுதி உலகத்துக்கே குடுத்திருக்கான்."

திறந்த மூல மென்பொருள் என்று படித்தவர்கள் சொல்வது அதைத்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம். ஒதுக்கிப் போட்ட கம்பியூட்டரிலும் ஓடும். வேலை, காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் நம் பெரட்டு மாதிரி. பேர் இருப்பவர் உள்ளே, இல்லாதவர் வெளியே. வித்தியாசம் ஒன்றுதான்: திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரையும் நேரத்தோடு எழுதி வைக்கும்.

சுதர்ஷினி அதைப் பழைய மிஷினில் ஏற்றி, மிஷினைக் கம்பனிப் பெட்டிக்கு முன்னால் பொருத்திவிட்டு அறையைப் பூட்டினாள். மூன்று நாள் கழித்துத் திறந்து, அது எழுதி வைத்ததை அச்சடித்தாள்.

வெள்ளிக்கிழமை நிதிய அலுவலகத்தில் அதிகாரி கிஷாந்தன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. பக்கத்தில் அறிக்கை எழுதிய கம்பனிக்காரர்.

"சாவியைத் தாங்கோ தங்கச்சி. மேலிடத்து முடிவு, நான் என்ன செய்யிறது."

"இத மொதல்ல பாருங்க சேர்." பதினொரு தாளை மேசையில் வைத்தாள்.

"உது என்ன?"

"வாசல்ல நான் வச்ச பயர்வோல் எழுதினது. மூணு நாள்ல இன்டர்நெட் வழியா வெளியில இருந்து நம்ம கதவத் தட்டினவங்க. ரெண்டாயிரத்து முந்நூறு தடவ. மூணு நாளும் அறை பூட்டிக் கிடந்துச்சு, ஒரு புள்ள உள்ள வரல. அப்ப தட்டினது யாரு?"

கம்பனிக்காரர் சிரித்தார். "மெடம், இது ஓசிச் சாமான். இதுக்கு யார் கேரண்டி?"

"ஒங்க சாமானுக்கு நீங்க கேரண்டி. செவ்வாக்கிழமை எங்க இருந்தீங்க?"

அலுவலக அலுமாரியின் மேலும் அதே கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. சுதர்ஷினி அதைக் காட்டினாள்.

"கொழும்புல இருந்தே ரிப்பேர் பண்ண, இவங்க எல்லாப் பெட்டிலயும் வெளிப்பக்கம் ஒரு கதவத் தொறந்து வச்சிருக்காங்க சேர். ஒங்க போன்ல வைபையை நிப்பாட்டிட்டு, வெளி ஆள் மாதிரி, இவங்க ஒங்களுக்குத் தந்த லிஸ்ட்ல இருக்கிற ஒங்க ஆபீஸ் இன்டர்நெட் நம்பரை அடிங்க. பாஸ்வேர்ட் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கு, எங்க பெட்டில உள்ளதேதான் இருக்கும்."

கிஷாந்தன் நாற்காலியில் ஏறிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். இறங்கி வந்து போனில் அடித்தார்.

"ஐயோ, உள்ளுக்குப் போயிட்டனே," என்றார் மெதுவாக. பிறகு கம்பனிக்காரரைப் பார்த்தார். "தம்பி, இது என்ர கந்தோர். இஞ்ச எந்தப் பிள்ளை என்ன பார்த்தது?"

சாவி சுதர்ஷினியின் கையிலேயே இருந்தது. அடுத்த வாரம் கடிதம் வந்தது. அறையைத் திறந்து வைத்திருக்கலாம். "ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு" விரைவாகக் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் கம்பனிக்கு நன்றி. புதிய பெட்டி தருவார்கள், பழைய கம்பியூட்டரை அகற்றவும். பிள்ளைகள்மேல் எழுதிய பழியைப் பற்றி ஒரு வரி இல்லை. மன்னிப்பு என்ற சொல் அவர்கள் தட்டச்சில் கிடையாது போலும்.

திங்கட்கிழமை அதே கம்பனிக்காரர் புதிய பெட்டியோடு வந்தார். சுதர்ஷினி துடைத்து மறுபடி ஓட வைத்த ஏழு கம்பியூட்டரின் முன்னாலும் அறை நிறையப் பிள்ளைகள்.

"பழைய மிஷினைக் கழட்டுங்க மெடம்."

"அது வாசல்லதான் நிக்கும். ஒங்கடது பின்னால நிக்கட்டும்."

"லெட்டர்ல அப்படி இல்லையே."

"புள்ளைங்க செய்யலேன்னும் லெட்டர்ல இல்ல. அத எழுதிக் கொண்டாங்க, கழட்டுறதப் பத்தி அப்புறம் பேசுவோம். இப்ப ஒக்காந்து பாஸ்வேர்ட மாத்துங்க. வெளிக்கதவையும் சாத்துங்க. நான் பாக்கிறேன்."

அவர் உட்கார்ந்தார். ஒரு மணித்தியாலம் ஆனது. சுதர்ஷினி அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தாள். தேத்தண்ணி கொடுக்கவில்லை.