பூட்டிக்கிடந்த பதினோரு வீடுகள்

1

பூங்கொடியின் புராஜெக்ட் ரிப்போர்ட்டைச் சிவப்பில் தள்ளி சீல் குத்தியது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லையென்றால் கீழே நான் மற்றவர்கள் மேல் காட்டப்போகிற கோபத்துக்கு அர்த்தமில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் நான் நூலகராக இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்களில் புதிதாக ஒரு வேலையை என் தலையில் கட்டினார்கள். எம்.ஏ. மாணவர்களின் ரிப்போர்ட்டை ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றி, எவ்வளவு ஏஐ எழுதியது என்று பார்த்து சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். ஃபைலை ஏற்றுவேன், ஒரு டீ குடிப்பேன், அது ஏஐ என்று சிவப்பு காட்டுகிறதா, இல்லையென்று பச்சை காட்டுகிறதா என்று பார்த்து சீல் குத்துவேன். ரிப்போர்ட்டைப் படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் படிக்கவில்லை.

அந்த வருடம் பொருளியல் துறையில் கல்வராயன் மலையில் ஒரு ஊரைக் கொடுத்து சர்வே எடுக்கச் சொன்னார்கள். மேல்பக்கத்து நாற்பது வீடு பூங்கொடிக்கு, கீழ்ப்பக்கத்து நாற்பது வீடு தினேஷுக்கு. பூங்கொடி மலையில் வேறொரு ஊர்ப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். தினேஷ் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். வகுப்பில் முதல் மார்க் வாங்குபவன்.

சாஃப்ட்வேர் பூங்கொடிக்குச் சிவப்பு காட்டியது, தினேஷுக்குப் பச்சை காட்டியது. இரண்டிலும் சீல் குத்தி துறைக்கு அனுப்பிவிட்டு நான் சாப்பிடப் போனேன்.

2

மறுநாள் காலையில் பூங்கொடி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அழுதிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், என் புராஜெக்ட கேன்சல் பண்ணிட்டாங்க. இந்த வருஷம் டிகிரி கெடையாதாம். திரும்ப ஒரு வருஷம்னா வூட்ல அனுப்ப மாட்டாங்க மேடம்."

"ஏஐ வெச்சு எழுதினா அப்படித்தாம்மா ஆகும்" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"நீங்க மூணாம் பக்கத்த படிச்சீங்களா மேடம்?"

படிக்கவில்லை. அவளே எடுத்துக் காட்டினாள். இந்த ஆய்வைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் மாற்ற மட்டும் ஏஐயைப் பயன்படுத்தினேன், பதில்கள் எதையும் அதனிடம் கேட்கவில்லை, அது தப்பாக மாற்றிய இடங்களை நானே திருத்தினேன் என்று வெட்டவெளிச்சமாக எழுதியிருந்தாள்.

மூன்று வருடம் தமிழ் மீடியத்தில் பி.ஏ. படித்த பிள்ளையிடம், எம்.ஏ. ரிப்போர்ட்டை மட்டும் ஆங்கிலத்தில் கொண்டுவா என்கிறது எங்கள் விதி. எப்படிக் கொண்டுவருவாள் என்று விதி போட்டவர்கள் யாராவது யோசித்தார்களா? அவள் ஒரு வழி கண்டுபிடித்து, அதை மறைக்காமல் சொல்லியும் இருக்கிறாள். சொன்னதைப் படிக்கக்கூட எங்களுக்கு நேரமில்லை.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றியும் மழையில் ஓரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம். சாமை எவ்வளவு விளைந்தது, புளி யாருக்குப் போட்டார்கள், பிள்ளை எந்த வகுப்போடு நின்றது, எல்லாம் பென்சிலில் இருந்தது. நடுநடுவே சில பக்கங்களில் ஒரே ஒரு வரிதான். "பூட்டியிருக்கிறது. காபி பறிக்க எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள்."

எண்ணிப் பார்த்தேன். பதினோரு வீடு.

"நாப்பதுக்கு இருபத்தொம்பதுதான் வருது. மார்க் கொறைப்பாங்கன்னு தெரியாதா உனக்கு?"

"ஆளே இல்லாத வூட்டுக்கு இன்னான்னு மேடம் பதில் எழுதறது?" என்றாள். "கீழ்ப்பக்கம் இன்னும் ஜாஸ்தி பூட்டிக் கெடந்துச்சு. நானே பாத்தேன்."

கீழ்ப்பக்கம் தினேஷுடையது. அவனுடைய ரிப்போர்ட்டை எடுத்து முதல்முறையாகப் பிரித்தேன். நாற்பது வீட்டுக்கும் பதில் இருந்தது. ஒருவர் விடாமல் வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிறார்களாம். பூங்கொடியின் நோட்டைப் பார்த்தால் அந்த ஊரில் வாய்க்காலே கிடையாது.

3

இரண்டு ரிப்போர்ட்டையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். பூங்கொடியும் வந்தாள். தினேஷையும் கூப்பிடச் சொன்னேன்.

"மெஷினே சொல்லுதுங்க மேடம்" என்றார் துறைத் தலைவர். "அதுக்கு மேல நாம இன்னாத்த பாக்கறது?"

நான் தினேஷிடம் திரும்பினேன். "கீழ்ப்பக்கத்துல எத்தன வூடு பூட்டியிருந்துச்சுப்பா?"

"ஒண்ணுகூட இல்ல மேடம். எல்லாரும் நல்லா கோஆபரேட் பண்ணாங்க."

பூங்கொடி மேஜையருகே வந்தாள். தன் நோட்டில் பூட்டிய வீட்டுப் பக்கம் ஒன்றைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். தேதியும் அதிலேயே இருந்தது. அவன் ரிப்போர்ட்டில் போட்டிருந்ததும் அதே தேதிதான்; அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் எஸ்டேட்டில் இருந்திருக்கிறார்கள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"வெள்ளிமலை வரைக்கும் போனேன் மேடம். அதுக்கு மேல பஸ் இல்ல, திரும்பிட்டேன். ஏஐகிட்ட நாப்பது வூட்டுக்கும் பதில் போட்டுக் குடுன்னு கேட்டேன். மனுஷன் எழுதின மாதிரி மாத்திக் குடுக்கற ஆப் ஒண்ணு இருக்குது, அதுல போட்டேன். பச்ச வந்துச்சு."

துறைத் தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். "நல்லா படிக்கற பையன் மேடம். வைவா நேரத்துல எதுக்கு இத பெரிசு பண்ணிக்கினு?"

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "பெரிசில்லீங்களா சார் இது? நாப்பது குடும்பத்த ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. கேட்டதா நம்ம காலேஜ் பேப்பர்ல இருக்குது. நாளைக்கு எவனாவது இதப் படிச்சுட்டு, அந்த ஊருக்குத்தான் வாய்க்கால் இருக்குதேன்னு சொல்லுவான். நடந்துபோய் கேட்டுக்கினு வந்த பொண்ண வெளிய நிக்க வெக்கறீங்க. அவ ஏஐய தொட்டது தப்பில்ல சார். இவன் மனுஷங்கள தொடாததுதான் தப்பு!"

என் இரண்டு சர்டிஃபிகேட்டும் தப்பு, திரும்பப் பெறுகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உங்க பேரு கெடும் மேடம்" என்றார். கெடட்டும் என்றேன்.

அந்தக் கடிதத்தை வைத்துக் கேன்சலை எடுத்தார்கள்; பூங்கொடி வைவாவுக்குப் போனாள், பாஸானாள். தினேஷ் மறுபடி மலையேறினான். இந்தமுறை வெள்ளிமலையிலிருந்து நடந்தே போய், இரண்டு வாரம் கழித்து ஒரு நோட்டோடு என்னிடம் வந்தான். "பதினெட்டு வூடு பூட்டிக் கெடந்துச்சு மேடம்" என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மையான பதில் அது.

4

அதற்குப் பிறகு சாஃப்ட்வேர் சர்டிஃபிகேட் கொடுக்க மாட்டேன் என்று பிரின்சிபாலிடம் சண்டை போட்டேன். அதற்குப் பதிலாக ஒரு பக்கப் படிவம் வைத்தோம். ஏஐயிடம் என்ன கேட்டாய்? அது என்ன கொடுத்தது? நீ என்ன செய்தாய்? கூடவே களநோட்டையும் இணைக்க வேண்டும்.

"உண்மைய எழுதினா மாட்டிக்குவோமே மேடம்" என்றார்கள் பிள்ளைகள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. உண்மையை எழுதியவளைத்தானே நாங்கள் மாட்டவைத்தோம்? அதனால் முதல் படிவத்தை நானே நிரப்பி நூலக வாசலில் ஒட்டினேன். ஓய்வு பெற்ற நாளில்கூட அது அங்கேதான் இருந்தது.

மெஷினிடம் கேட்டது: பூங்கொடி நேர்மையானவளா என்று.
அது கொடுத்தது: சிவப்பு.
நான் செய்தது: சீல் குத்தினேன். வேறொன்றும் செய்யவில்லை.