ஐந்தாவது புஷ்

திருப்பூரில் பனியன் துணி பின்னும் மிசின் எங்கே மக்கர் பண்ணினாலும் ஃபிட்டர் கந்தப்பனைத்தான் கூப்பிடுவார்கள். ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். கையில் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேன் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. "எந்தலைக்கு எண்ணெ இருக்குதோ இல்லியோ, மிசினுக்கு இல்லாமப் போகாது" என்று மனைவி மருதாள் அலுத்துக்கொள்வாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமி பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். "காரும் மிசின்தானப்பா, நீயே பாத்துக்க" என்று கந்தப்பன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார். தெரியாது என்று சொல்லக் கந்தப்பனுக்கு வாய் வரவில்லை. பேர் பெற்ற ஃபிட்டருக்கு அதுதானே வியாதி!

குண்டும் குழியுமான குண்டடம் ரோட்டில் நாலு தடவை போய் வந்ததும் காரின் முன்பக்கம் 'கடக் கடக்' என்றது. குனிந்து பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில் உராய்வைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான புஷ்கள் தேய்ந்து போயிருந்தன. அவர் அறிந்த புஷ் எல்லாம் பித்தளை. ரப்பரில் புஷ் செய்வார்களா என்று அங்கேயே குழம்ப ஆரம்பித்தவர்தான்.

கார் சாமான் கடை சேக் தாவூது இரண்டு தினுசு எடுத்து வைத்தார். கந்தப்பன் நகத்தால் குத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார், யாரும் பார்க்காதபோது கடித்தும் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"பாய், எதுங்க நல்லது?"

"அது கெட்டிங்க, குலுக்கும். மொதலாளி வண்டிக்கு இந்த மெதுவானதே போதும். சோப்புத் தண்ணி தொட்டு ஏத்துங்க. வண்டியத் தரையில எறக்கி, பாரம் உக்காந்தப்புறம் போல்ட்டக் கடைசி முறுக்கு முறுக்குங்க."

வேண்டியது நான்கு. கைக்காவலாக ஒன்று சேர்த்து ஐந்து வாங்கினார்.

பாய் சொன்னபடியே வண்டியை இறக்கித்தான் முறுக்கினார். சோப்புத் தண்ணீரை மட்டும் அவர் மனசு ஏற்கவில்லை. இரும்பில் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்காதா? கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டு மிசின் எண்ணெய் தடவி ஏற்றினார். வெள்ளிக்கிழமை தோறும் மிசின்களுக்குப் பொட்டு வைத்து எண்ணெய் விடுவது கம்பெனி வழக்கம். அந்த வரிசையில் காரையும் சேர்த்துக்கொண்டு, நான்கு புஷ்களுக்கும் நாலு சொட்டு விட்டார். ஐந்தாவதைப் பின்னல் ஊசிகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் தகர டப்பாவில் போட்டு மூடினார்.

இரண்டே மாதத்தில் மறுபடியும் 'கடக் கடக்'. கழற்றினால் ரப்பர் பிசுபிசுவென்று கையோடு பிய்ந்து வந்தது. கந்தப்பனுக்குத் தலை சுற்றியது. இறக்கித்தானே முறுக்கினோம்? ஒரு வெள்ளிக்கிழமையாவது எண்ணெய் தவறினோமா? யோசிக்க யோசிக்க நூல்கண்டு சிக்கலானதுதான் மிச்சம்.

வேறு கம்பெனி முதலாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்த சமயம் பார்த்து ரத்தினசாமி கேட்டார்: "பூட்டுனது தப்பா, சரக்கு தப்பா? ஒரே வார்த்தையில சொல்லு."

"சரக்குதானுங்க" என்று சொல்லிவிட்டார் கந்தப்பன்.

"அப்ப அந்தக் கடைப்படிய இனி ஆரும் மிதிக்காதீங்க" என்றார் ரத்தினசாமி. நாலு பேரும் தலையாட்டினார்கள். ஊரில் கார் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். அவர்களில் ஐந்து பேர் போனால் கடையில் என்ன இருக்கும்?

பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போன கந்தப்பனைச் சேக் தாவூது கூப்பிட்டார். கடையில் ஈ காக்கை இல்லை. "ஃபிட்டருங்க, ரப்பர்ல என்ன கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, நான் திருத்திக்குவனுங்க" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். அவர் நிஜமாகவே கேட்டார்.

மிச்சமிருக்கும் புஷ்ஷைக் காட்டியே கோளாறை விளக்குவோம் என்று கந்தப்பன் கம்பெனிக்கு வந்து தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே ஐந்தாவது புஷ் ஒன்றரைப் பங்காக உப்பிக் கிடந்தது. அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. அது குண்டடம் ரோட்டைப் பார்த்ததில்லை. சக்கரத்தின் பாரத்தைச் சுமந்ததில்லை. எண்ணெய் ஒன்றைத்தான் பார்த்திருந்தது. இரண்டு மாதக் குழப்பம் தெளிந்துவிட்டது. இந்தத் தெளிவுக்குக் குழப்பமே தேவலையாக இருந்தது.

அதைக் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தார். "தப்பு சரக்குல இல்லீங்க. எண்ணெயிலதானுங்க."

"எந்தக் கடை எண்ணெ?" என்று சீறினார் ரத்தினசாமி.

"என்ற கேனு எண்ணெதானுங்க. பாய் சோப்புத் தண்ணின்னுதான் சொன்னாருங்க. நான்தான் எண்ணெ உட்டேன். அந்த நாலு பேருத்துக்கும் நானே போய்ச் சொல்லீட்டு வந்தர்றனுங்க."

நாலு கம்பெனி வாசலிலும் நின்று, ஊதிப்போன புஷ்ஷைக் காட்டி, "தப்பு எம்பேர்லதானுங்க" என்று சொன்னார். ஒருவர் சிரித்தார். ஒருவர், "நீயே இப்படிப் பண்ணுனா எப்படி?" என்றார். கடைசியாகச் சேக் தாவூதின் கடைக்கு வந்தார். புஷ்ஷை மேசைமேல் வைத்தார்.

பாய் அதை எடுத்து மோந்து பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. புதிதாக நான்கு புஷ்களைக் காகிதத்தில் மடித்தார். பிறகு உள்ளே போய், கை கழுவ வைத்திருந்த பாதி சோப்புக்கட்டியைக் கொண்டுவந்து பொட்டலத்தின் மேல் வைத்தார்.

"சோப்புக்குக் காசு வேண்டாமுங்க" என்றார்.

கந்தப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.