மார்கரெட்டுக்கு வந்த பேட்டரி

ஆஸ்திரேலியாவுக்கு வந்து நாலு வருடமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே லாரி, படகு, பம்ப்செட் எல்லாமே ‘ஷீ’தான். சங்கரன்கோவிலில் ‘பேட்டரி செத்துப்போச்சு’ என்போம். இங்கே ‘ஷீ இஸ் டெட்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘ஷீ இஸ் கான்’, போய்விட்டாள் என்பார்கள். சோலார் பேனல் மாட்டுகிற வேலையில் இருப்பதால் தினமும் இதைக் கேட்கிறேன்.

கெவினும் மார்கரெட்டும் ஓய்வு பெற்றவர்கள். வீட்டை விற்றுவிட்டு, படுக்கையும் அடுப்படியும் உள்ள மோட்டார் ஹோம் வண்டியிலேயே குடியிருந்தார்கள். தூங்கும்போது மார்கரெட்டுக்கு மூச்சுவிட ஒரு மெஷின் வேண்டும். பழைய பேட்டரி விடியும்வரை தாங்கவில்லை. கூரையில் இரண்டு பேனல் கூட்டி, லித்தியம் பேட்டரி போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். வடக்கே மகள் வீட்டுக்குக் கடற்கரை வழியாகவே போகப்போகிறோம் என்று மார்கரெட் வரைபடத்தில் பேனாவால் கோடு இழுத்துக் காட்டினார். பேட்டரி வர இரண்டு வாரம் தாமதமாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு போனேன். கெவின் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

“ஷீ இஸ் கான், மேட்” என்றார்.

நான் சிரித்தேன். “கவலைப்படாதீங்க. பழசைக் கழட்டி எறிஞ்சிடலாம். புதுசு நல்லா உழைக்கும்” என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கெவின் என்னையே பார்த்தார். “மார்கரெட்” என்றார். “ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில். இதயம்.”

நம் ஊரிலும் ‘போயிட்டா’ என்றால் அதுதானே? சங்கரன்கோவிலில் நான் வயரிங் வேலை பார்த்தவன். சாவு விழுந்தால் துட்டி வீட்டில் ஐஸ் பெட்டிக்கும் வாசல் டியூப் லைட்டுக்கும் லைன் இழுக்க முதல் போன் எனக்குத்தான் வரும். தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்கும். உள்ளே போய்க் கைகளைப் பிடித்துக்கொண்டால் போதும், பேச வேண்டியதில்லை. இங்கே பறவைச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. வாசலில் ஒரு செருப்புகூடக் கூடுதலாகக் கிடக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது.

“பேட்டரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்றார் கெவின். “மாட்டிவிடு. நான் மகளிடம் போகணும்.”

மாட்டினேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் சோதித்துப் பார்க்க அவரே உள்ளே போய் அந்த மெஷினைப் போட்டார். தலையணை மேல் கிடந்த குழாய் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தது. இருவரும் அதைக் கேட்டபடி நின்றோம். அணைக்க இருவருக்குமே கை வரவில்லை.

வீடு வந்தும் காரை விட்டு இறங்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏலே, துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்க. குளிக்காம உள்ள போவாத” என்றாள்.

“அங்கன துட்டி வீடு மாதிரி ஒண்ணுமே இல்லக்கா. நான் வேலைக்குல்லா போனேன்.”

“ஆளு போனா துட்டிதாம்ல.”

தோட்டத்துக் குழாயைத் திறந்து தலையில் பிடித்தேன். இங்கே ஜூலைதான் குளிர்காலம். தண்ணீர் ஊசியாய்க் குத்தியது. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“உள்ளே தண்ணி வரலையா?”

விளக்கிச் சொல்ல ஆங்கிலத்தில் எனக்கு வார்த்தை இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். கம்பெனிச் சட்டையோடு, வெடவெடத்தபடி, தண்ணீருக்கடியிலேயே நின்றேன்.