போர்டில் இல்லாத பெயர்

புனே கோர்படியில் நான் போகும் ஜிம்மின் மாஸ்டர், டிவிக்காக நடத்தப்படும் கூண்டுச் சண்டைகளில் முன்பு மோதியவர். மூக்கு ஒருபக்கம் வளைந்திருக்கும். யார் பேசினாலும் வலது காதைத்தான் திருப்பிக் கொடுப்பார். இடது காது சண்டையில் செவிடாகிப்போனது.

ஒருநாள் ஜிம் டிவியில் அவருடைய பழைய சண்டை ஓடியது. அறிவிப்பாளர் அவருடைய சண்டைப் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"இந்தப் பேரையே ஜிம்முக்கு வைக்கலாமே, அண்ணே?" என்றேன்.

"அரே, வெச்சேன் தம்பி. பேரு எங்களுக்குச் சொந்தம்னு சண்டை நடத்துற கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிட்டான். காண்ட்ராக்ட்ல அப்படித்தான் இருக்காம். போர்டைக் கழட்டிட்டேன்."

"காதுக்கு வைத்தியமாவது பாத்தாங்களா?"

"போய்க் கேட்டேன். அது உன் காதுன்னுட்டாங்க."

டிவியில் மறுபடியும் அந்தப் பெயர் முழங்கியது. அவர் இடது காதை அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.